காவலரைக் கேட்காத இல்லம் சிறுவனையும் கேட்காது

சிறுவர் இல்லங்களில், அங்கே தங்கியிருக்கும் சிறுவர்களைக் கொண்டே அமைக்கப்படும் குழந்தைகள் குழுவின் கூட்டப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாசகம் பழகிப் போயிருக்கும். “உணவு தரமாக உள்ளது. விளையாட்டுப் பொருட்கள் போதிய அளவில் உள்ளன. குறைகள் ஏதுமில்லை எனக் குழந்தைகள் தெரிவித்தனர்.” மாதம் மாறும், கீழே கையொப்பமிடும் சிறுவர்களின் பெயர்கள் மாறும், இந்த வாசகம் மட்டும் மாறாது. அடுத்தடுத்த சில மாதங்களின் நடவடிக்கைகள் ஒரே பேனாவில், ஒரே அமர்வில் எழுதப்பட்டது போலத் தோன்றும் பக்கங்களும் உண்டு. ஆய்வுக்கு வருபவர் பதிவேடு இருக்கிறதா என்று கேட்பார், இருக்கும். கையொப்பம் இருக்கிறதா என்று பார்ப்பார், அதுவும் இருக்கும். அந்தக் கூட்டத்தில் எந்தச் சிறுவன் வாயைத் திறந்தான், என்ன கேட்டான், அதற்கு யார் என்ன பதில் சொன்னார் என்பவற்றை அந்தப் பதிவேட்டிலிருந்து எவராலும் தெரிந்துகொள்ள முடியாது.

குன்னூரில் வசிக்கும் நான், தன்னார்வ அமைப்பு ஒன்றின் சார்பில், சமவெளியில் உள்ள ஓர் இல்லத்துக்குச் சில ஆண்டுகள் ஆற்றுப்படுத்துநராகச் சென்று வந்தேன். இல்லத்தின் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். நான் சொல்லப் போவது பல இல்லங்களுக்கும் பொருந்தக் கூடியதுதான். நீலகிரியில் ஒரு சிறுவன் மீது வழக்குப் பதிவாகி, இளைஞர் நீதிக் குழுமம் அவனைப் பிணையில் விடாமல் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்ப முடிவெடுத்தால், அவன் மலையிறங்கித்தான் ஆக வேண்டும். பந்தலூரிலோ கூடலூரிலோ தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டில் வளர்ந்த பையனுக்குச் சமவெளியின் வெக்கையே முதல் தண்டனையாக இருக்கும். அவனைப் பார்க்க வரும் தாய்க்கோ ஒரு நாள் கூலி போய்விடும். கூடலூரிலிருந்து ஊட்டிக்கு மட்டுமே சுமார் 50 கிலோமீட்டர். அதன் பிறகு குன்னூர், பர்லியாறு வழியாக இறங்க வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிந்து பாதை அடைபட்டால் அந்த மாதச் சந்திப்பு இல்லையென்றே வைத்துக்கொள்ளலாம். இந்தத் தூரத்தை நான் முதலிலேயே குறிப்பிடக் காரணம் உண்டு. இல்லத்தின் அன்றாட முடிவுகளில் சிறுவர்கள் பங்கெடுப்பது என்றால் என்ன என்பதை எனக்கு விளங்க வைத்தது, பார்வையாளர் நேரம் குறித்த ஒரு சாதாரண விவாதம்தான்.

அதற்கு முன் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ள 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், தன்னைப் பாதிக்கும் எல்லா நடவடிக்கைகளிலும் முடிவுகளிலும் தன் கருத்தைச் சொல்லவும் பங்கேற்கவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்பதைத் தன் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்றாக மூன்றாம் பிரிவிலேயே வைத்திருக்கிறது. ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் கூறு சொல்வதும் இதையே. அந்த உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்டது. சட்டத்தின் 53-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே சென்று, ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒரு மேலாண்மைக் குழுவும், அதனோடு குழந்தைகள் குழுக்களும் இருக்க வேண்டும் என்கிறது. மத்திய அரசின் 2016 மாதிரி விதிகளின்படி இக்குழுக்கள் 6 முதல் 10 வயது, 11 முதல் 15 வயது, 16 முதல் 18 வயது என்று தனித்தனியாக, குழந்தைகளை மட்டுமே உறுப்பினராகக் கொண்டு அமைய வேண்டும். மாதந்தோறும் கூட வேண்டும். நடவடிக்கைகளைப் பதிவேட்டில் எழுதி மேலாண்மைக் குழுவின் முன் வைக்க வேண்டும். அவற்றுக்குத் தரப்பட்டுள்ள வேலைகளும் அலங்காரமானவை அல்ல. அன்றாட நேர அட்டவணையையும் உணவுப் பட்டியலையும் தயாரிப்பது, பராமரிப்பின் தரத்தை மதிப்பிடுவது, கல்வி மற்றும் தொழிற்பயிற்சித் திட்டங்களை வகுப்பது, சக சிறுவர்களாலோ பணியாளர்களாலோ நேரும் கொடுமைகளை வெளியே சொல்வது, மேலாண்மைக் குழுவின் வழியாக இல்லத்தின் நிர்வாகத்திலேயே பங்கெடுப்பது ஆகிய எல்லாம் அதில் உள்ளன.

இந்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஆலோசனைப் பெட்டி பற்றிய பகுதி. அரசு விதிகளைப் படிக்கும்போது, இதை எழுதியவர் இல்லத்துக்குள் கொஞ்ச நாளாவது நடமாடியிருக்கிறார் என்ற எண்ணம் அபூர்வமாகத்தான் வரும். பெட்டி சிறுவர்கள் தங்கும் அறைகளுக்கு அருகில் இருக்க வேண்டும். கண்காணிப்புக் கேமராவின் பார்வையில் படக்கூடாது. அதன் சாவி இல்லக் கண்காணிப்பாளரிடம் இல்லாமல் மேலாண்மைக் குழுத் தலைவரிடம் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை குழந்தைகள் குழுவினர் முன்னிலையில் திறக்கப்பட வேண்டும். அவசரமான புகாராக இருந்தால் உடனடியாகக் கூட்டம் கூட்டப்பட வேண்டும். அதில் சிறுவர் பிரதிநிதிகளும் அமர வேண்டும். புகார் கண்காணிப்பாளர் மீதே என்றால் அவர் அந்தக் கூட்டத்தில் இருக்கக் கூடாது. சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் கேமரா எங்கே பார்க்கிறது என்பதையும் கவனித்து எழுதப்பட்ட விதி இது. நான் சென்ற இல்லத்தில் பெட்டி அலுவலக வாசலில், கண்காணிப்பாளரின் மேசையிலிருந்து நேராகத் தெரியும் இடத்தில் மாட்டப்பட்டிருந்தது. காரணம் கேட்டபோது, அங்கேதான் சுவரில் ஆணி இருந்தது என்றார்கள். பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை.

விதிகள் இவ்வளவு தெளிவாக இருந்தும் பதிவேட்டில் ஏன் அந்த ஒரே வாசகம் மட்டும் வாழ்கிறது என்பதற்கு ஊழல், அலட்சியம் என்று சட்டென்று விடை சொல்லிவிடலாம். எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. முதலாவது சிக்கல், கூர்நோக்கு இல்லத்தின் இயல்பிலேயே உள்ளது. அது விசாரணைக் காலத்துக்கான இடம். பிணை கிடைத்ததும் சிறுவன் கிளம்பிவிடுகிறான். கிடைக்காவிட்டாலும் விசாரணையை நான்கு மாதங்களில் முடிக்க வேண்டும் என்றும், தேவைப்பட்டால் இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம் என்றும் சட்டத்தின் 14-ஆம் பிரிவு கூறுகிறது. தீர்ப்புக்குப் பின் அனுப்பப்படும் சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் இருக்க நேரலாம். அங்கே ஒரு குழு காலூன்றி நிற்க அவகாசம் உண்டு. கூர்நோக்கு இல்லத்திலோ, இந்த மாதம் குழுத் தலைவனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவன் அடுத்த மாதக் கூட்டத்தில் இருப்பதில்லை. சென்ற முறை கொசுவலை கேட்டோமே, என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு, அதைக் கேட்டவர்களில் ஒருவர்கூட மிச்சம் இருப்பதில்லை. சிறுவர்கள் வருவார்கள், போவார்கள். அந்த வளாகத்தில் நினைவாற்றலோடு தங்கியிருப்பவர்கள் பணியாளர்கள் மட்டுமே. ஆகவே சிறுவர்களுக்கு மட்டுமாக ஒரு குழுவை வைத்து, பணியாளர்களை அதற்கு வெளியே நிறுத்தினால், அந்தக் குழுவுக்கு நினைவு என்ற ஒன்றே இல்லாமல் போகிறது.

இரண்டாவது சிக்கல் அதைவிட ஆபத்தானது. வெளிப்பார்வைக்குச் சிறுவர்களின் பங்கேற்பைப் போலவே தெரிவது அது. வயதில் மூத்த, உடல்வலு உள்ள ஒருவனை ‘லீடர்’ ஆக்கி, வரிசையை ஒழுங்குபடுத்துவது, சத்தத்தை அடக்குவது, தூங்கும் நேரத்தில் விளக்கணைப்பது ஆகியவற்றை அவனிடம் ஒப்படைத்துவிடுவது எந்த இல்லத்திலும் மிக எளிதாக நடக்கும். இரவுப் பணியில் ஒரே ஒருவர் இருக்கும்போது அவருக்கு இது பெரிய நிம்மதி. சிறை வரலாற்றில் இதற்கு நீண்ட வேர் உண்டு. 1894-ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம் கைதிகளையே சிறை அலுவலர்களாக நியமிக்க இடம் கொடுத்ததோடு, அப்படி நியமிக்கப்பட்டவர்களைப் பொது ஊழியர்களாகவும் கருதியது. கன்விக்ட் வார்டர் என்ற ஏற்பாடு அப்படி நிலைபெற்றதுதான். சிறுவர் இல்லத்தின் லீடர் பையன் அந்த ஏற்பாட்டின் சின்ன உருவம். அவனிடம் இருப்பது அதிகாரம் மட்டும். தினசரி அட்டவணையையோ உணவுப் பட்டியலையோ அவன் தொட முடியாது, ஆனால் சின்னப் பையனின் சோப்பைப் பறிக்க முடியும். குழந்தைகள் குழு சரியாக இயங்கும் இல்லத்தில் லீடருக்கு வேலை குறையும் என்பது என் அனுபவம். லீடர் கொடிகட்டிப் பறக்கும் இல்லத்தில் குழுவின் கூட்டங்கள் பதிவேட்டில் மட்டுமே நடக்கும்.

இப்போது பார்வையாளர் நேரத்துக்கு வருகிறேன். அந்த இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் பன்னிரண்டரை வரை பெற்றோரைச் சந்திக்கலாம். குழந்தைகள் குழுவின் கூட்டத்தில் ஒரு சிறுவன், வெகு நேரம் தயங்கிவிட்டு, தலையைக் குனிந்தபடியே சொன்னான்: “அக்கா, எங்கம்மா பந்தலூர்ல இருந்து வரணும். முத பஸ்ஸப் புடிச்சாலும் ஊட்டியில மாறி இங்க வந்து சேர்றதுக்கு மத்தியானம் ஆயிருது. போன வாரம் கேட்டு வரைக்கும் வந்துட்டுப் போயிருக்காங்க.” நேரத்தை மூன்று மணி வரை நீட்ட வேண்டும் என்பது கோரிக்கை. உள்ளூர்ச் சிறுவர்களுக்கு இதில் லாபம் ஒன்றுமில்லை; இருந்தும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பதிவேட்டில் முதல்முறையாக ஒரு பையனே தன் கையெழுத்தில் அதை எழுதினான். கோரிக்கை கண்காணிப்பாளரிடம் போயிற்று. ஆள் இல்லை, இயலாது என்று வாய்மொழியாகத் திரும்பி வந்தது.

அந்தக் கண்காணிப்பாளர் கெட்டவர் அல்லர். சிறுவர்களின் வீட்டு நிலைமை எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் ‘ஆள் இல்லை’ என்ற பதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஆராய அவருக்கு நேரமும் இல்லை, அதைத் தெரிந்த ஆட்களை உட்கார வைத்துக் கேட்கும் வழக்கமும் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு வாயிற்காவலரையும் சமையலரையும் ஒரு மணி நேரம் உட்கார அனுமதிக்க முடியுமா என்று அவரிடம் கேட்டேன். குழந்தைகள் குழு குழந்தைகளால் மட்டுமே ஆனதாக இருக்க வேண்டும் என்று விதி இருப்பதால், இதைக் குழுக் கூட்டம் என்று சொல்லாமல், குழு முடிந்த பின் நடக்கும் பொது அமர்வு என்று பெயர் வைத்துக்கொண்டோம். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். பசங்க எதிரில் காவலரை உட்கார வைத்து விவாதித்தால் நாளை யாரும் அவரை மதிக்க மாட்டார்கள் என்பது அவருடைய அச்சம். காவலருக்கும் அதே அச்சம்தான் இருந்தது என்பது பிறகு தெரிந்தது.

வட்டமாகப் போடப்பட்ட பாயில் உட்காராமல் கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்த அந்தக் காவலர், முதல் அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. பார்வையாளர் நேரப் பேச்சு வந்தபோது, யாரும் கேட்காமலே தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “மேல இருந்து வந்த அம்மாவ கேட்டுக்கு வெளிய நிக்க வச்சுத் திருப்பி அனுப்புற பாவம் எனக்குத்தான் மேடம் வந்து சேருது.” பிறகு காரணத்தை விளக்கினார். பன்னிரண்டரைக்கு மதிய உணவு. சமையலுக்கு உதவியாக இருந்த பெண் வேலையை விட்டுப் போன பிறகு, பாத்திரங்களைச் சாப்பாட்டுக் கூடத்துக்குத் தூக்கி வந்து பரிமாறுவதற்கு வாயிற்காவலரையே கூப்பிட்டுக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் வாயிலைப் பூட்டித்தான் வைக்க வேண்டும். எழுதப்பட்ட விதி எதுவும் பன்னிரண்டரை என்று சொல்லவில்லை. காலியான ஒரு சமையல் உதவியாளர் இடம்தான் பந்தலூர்த் தாயைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. கண்காணிப்பாளருக்கே அது அன்றுதான் முழுமையாகத் தெரிய வந்தது.

அதன் பிறகு நடந்த பேச்சு மிகச் சாதாரணமானது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பாட்டை அரை மணி நேரம் முன்னதாக வைத்துவிடலாம் என்றார் சமையலர். முறைவைத்துத் தட்டுப் போட்டுப் பரிமாறிக்கொள்கிறோம் என்றார்கள் பையன்கள். அடுப்படி வேலையும் பெரிய பாத்திரம் கழுவுவதும் அவர்கள் தலையில் வந்துவிடக் கூடாது என்று நான் குறுக்கிட வேண்டியிருந்தது. பங்கேற்பு என்ற பெயரில் காலிப் பணியிடங்களைச் சிறுவர்களைக் கொண்டு நிரப்பிவிடுவது எங்கும் நடக்கக் கூடியதுதான். ஆகவே பரிமாறுவது மட்டும், அதுவும் ஞாயிறு மட்டும் என்று எழுதிக்கொண்டோம். சோதனை முறையில் ஒரு மாதம் என்று கண்காணிப்பாளர் ஒப்புதல் கொடுத்தார். மேலாண்மைக் குழுவுக்கும் அனுப்பினார். காலிப் பணியிடத்தை நிரப்பக் கோரும் கடிதமும் அதே கோப்பில் போயிற்று. அந்தக் கடிதத்தை அவர் முன்பே பலமுறை எழுதியிருந்தார். இம்முறை அதனோடு சிறுவர்களின் தீர்மானமும் இணைக்கப்பட்டிருந்தது.

இந்த நிகழ்ச்சியிலிருந்து எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்றுதான். இல்லங்களில் சிறுவர்களின் குரல் கேட்கப்படுவதில்லை என்று நாம் அடிக்கடி எழுதுகிறோம், பேசுகிறோம். அங்கே கடைநிலைப் பணியாளர்களின் குரலும் அதே அளவுக்குக் கேட்கப்படுவதில்லை என்பதை யாரும் எழுதுவதில்லை. பலர் ஒப்பந்த ஊதியத்தில், விடுப்புக்கு மாற்று ஆள் இல்லாமல், இரவும் பகலும் அந்த வளாகத்தில் கழிப்பவர்கள். பணி நேரம் மாறுவதும், புதிய சுற்றறிக்கை வருவதும், கேமரா பொருத்தப்படுவதும் அவர்களுக்கு நடந்த பிறகே தெரியும். அப்படிப்பட்ட ஒருவரிடம் போய், நீங்கள் சிறுவர்களோடு கலந்து பேசி முடிவெடுக்க வேண்டும் என்றால், தன்னிடம் இல்லாத ஒன்றைப் பங்கிட்டுக் கொடுக்கச் சொல்வது போலத்தான் அவருக்குப் படும். எங்கள் மலையில் சிறு தேயிலை விவசாயி கொழுந்தைத் தொழிற்சாலையில் போட்டுவிட்டு, என்ன விலை என்பதைப் பின்னால் தெரிந்துகொள்வதைப் போன்ற நிலைதான் அவருடையதும். மேலிருப்பவரிடம் தன் கருத்துக்கு மதிப்பில்லாதபோது, கீழிருக்கும் பதினாறு வயதுப் பையனின் கருத்துக்கு மதிப்பளிப்பதைத் தன் கடைசித் துளி அதிகாரத்தையும் இழப்பதாகவே அவர் எண்ணுவார். அந்த எண்ணத்தைப் பயிற்சி வகுப்பால் மட்டும் மாற்ற முடியாது.

குழந்தைகளின் பங்கேற்பு பற்றி எழுதிய ரோஜர் ஹார்ட், 1992-இல் யுனிசெஃப் வெளியிட்ட தன் நூலில் அதை எட்டுப் படிகளாகப் பிரித்தார். கீழ் மூன்று படிகள் பங்கேற்பே அல்ல. குழந்தைகளைப் பயன்படுத்திக்கொள்வது, அலங்காரமாக நிறுத்துவது, பெயருக்குச் சேர்த்துக்கொள்வது ஆகியவை அவை. நம் பதிவேட்டு வாசகம் இந்த மூன்றுக்குள் எங்கோ இருக்கிறது. கவனிக்க வேண்டியது எட்டாவது படி. அங்கே குழந்தைகள் தாங்களாகவே எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. குழந்தைகள் தொடங்கி வைக்க, பெரியவர்களோடு சேர்ந்து முடிவெடுப்பதையே அவர் உச்சியில் வைத்தார்.

இதை இல்லத்துக்குள் வெகுகாலம் செய்து பார்த்தவர் போலந்து மருத்துவரும் எழுத்தாளருமான யானுஷ் கோர்சாக். 1912-இல் வார்சாவில் திறக்கப்பட்ட அவருடைய அநாதை இல்லம் சீர்திருத்த இல்லம் அல்ல. ஆனாலும் அங்கே அவர் நடத்திய குழந்தைகள் நீதிமன்றம் நமக்கு மிகவும் தேவைப்படுகிறது. அந்த வாரத்தில் தம் மீது வழக்கில்லாத குழந்தைகளிலிருந்து சீட்டுக் குலுக்கி நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சட்டத் தொகுப்பில் முதல் 99 கூறுகளும் ஏதேனும் ஒரு காரணம் காட்டி மன்னிப்பவை. அதன் பிறகுதான் 100, 200 என்று கண்டிப்புகள் தொடங்கும். பெரியவர்கள் மீதும் குழந்தைகள் வழக்குத் தொடரலாம். அரையாண்டுக் காலத்தில் தானே ஐந்து முறை அந்த நீதிமன்றத்தின் முன் நின்றதாகக் கோர்சாக் எழுதியிருக்கிறார். ஒரு சிறுவனைக் காதில் அறைந்தது, ஒரு சிறுமியைத் திருடியதாகச் சந்தேகித்தது முதலியவை அவருடைய குற்றங்கள். நீதிமன்றம் எப்போதும் நன்றாக நடந்துவிடவில்லை. குழந்தைகள் அதைக் கேலி செய்தார்கள், வஞ்சம் தீர்க்கப் பயன்படுத்தினார்கள், ஒரு கட்டத்தில் அவரே அதைச் சில வாரங்கள் நிறுத்தியும் வைத்தார். பிறகு மாற்றங்களோடு மறுபடியும் தொடங்கினார். நம் இல்லங்களில் குழு ஒருமுறை சண்டையில் முடிந்தால், பார்த்தீர்களா, இவர்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று மூட்டை கட்டிவிடுவோம்.

எதிர்மறைப் பாடமும் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் டார்செட்டில் 1913-இல் ஹோமர் லேன் என்பவரைக் கொண்டு தொடங்கப்பட்ட ‘லிட்டில் காமன்வெல்த்’ என்ற குடியிருப்பில், குற்றம் புரிந்த சிறுவர் சிறுமியர் தங்களுக்கான விதிகளைத் தாங்களே கூடி இயற்றினார்கள். உலகெங்கும் புகழ்பெற்ற அந்த முயற்சி, லேன் மீது அங்கிருந்த சிறுமியர் சிலர் சொன்ன புகார்களையும் அதன் மீதான விசாரணையையும் தொடர்ந்து 1918-இல் மூடப்பட்டது. ஒரு தனிமனிதரின் ஈர்ப்பின் மேல் கட்டப்படும் சுயாட்சியில், அந்த மனிதரைப் பற்றியே புகார் சொல்ல வழியிருக்கிறதா என்பதுதான் முதற்கேள்வி. ஆலோசனைப் பெட்டியின் சாவி ஏன் இல்லத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது இங்கே விளங்கும்.

பணியாளரையும் சேர்த்துக்கொண்டு செய்யப்பட்ட முயற்சிகளும் உண்டு. உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க் 1971-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பெண்கள் சிறையின் ஒரு பிரிவில் தொடங்கிய கூட்டங்களில் கைதிக்கும் ஊழியருக்கும் சம வாக்கு இருந்தது. மிசௌரி மாநிலம் 1983-இல் தன் பெரிய சிறுவர் சீர்திருத்தப் பள்ளியை மூடி, சிறு சிறு இல்லங்களாகப் பிரித்தது. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவாக அதே ஊழியர்களோடு நாள் முழுவதும் வாழும் அந்த ஏற்பாட்டில், எந்தச் சிறுவனும் எந்த நேரத்திலும் எல்லோரையும் வட்டமாகக் கூடச் சொல்லி ஒரு சிக்கலைப் பேசலாம். மாதம் ஒரு கூட்டம் என்று நாள் குறித்து வைத்திருக்கும் நமக்கு இது எட்டாத தூரம். ஆனால் இரவுப் பணியாளரும் அவர் பொறுப்பில் உள்ள பையன்களும் படுப்பதற்கு முன் பத்து நிமிடம் பேசிக்கொள்வதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. அதே ஆள் அதே குழுவுக்குத் தொடர்ந்து வருமாறு பணிப்பட்டியல் போட்டால் போதும்.

எல்லாவற்றையும் கூடி முடிவெடுக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். பூட்டு, சாவி, நீதிமன்றத் தேதி, மருத்துவம், தாக்குதல் பற்றிய புகார் ஆகியவை சிறுவர்களின் வாக்குக்கு விடப்படக் கூடாதவை. தண்டனை அவற்றில் முதன்மையானது. சோப்புத் திருடிய பையனுக்கு என்ன செய்யலாம் என்று ஒருமுறை கேட்டபோது, ஒரு மாதம் தொலைக்காட்சி கிடையாது, எல்லாக் கழிவறைகளையும் அவனே கழுவ வேண்டும், அவனோடு யாரும் பேசக் கூடாது என்று மளமளவென்று யோசனைகள் வந்தன. எந்தப் பணியாளரும் அவ்வளவு கடுமையாக யோசித்திருக்க மாட்டார். அடிபட்டு வளர்ந்தவனுக்குத் தெரிந்த நியாயம் அதுதான். சட்டமோ இல்லங்களில் உடல்ரீதியான தண்டனையை 82-ஆம் பிரிவில் குற்றமாக்கியுள்ளது. பணியாளர் குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் 75-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை கடுங்காவல் தண்டனை விதிக்கப்படலாம். அந்த எல்லையை முன்கூட்டியே சொல்லிவிட்டு, திருட்டால் இழந்தவனுக்கு எப்படி ஈடு செய்வது என்ற கேள்வியை மட்டும் அவர்கள் முன் வைத்தபோது பேச்சின் போக்கே மாறியது. இது உங்கள் முடிவு, இது நம் எல்லோரின் முடிவு, இது எங்கள் முடிவு என்று மூன்றாகப் பிரித்து, சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில் தமிழில் எழுதி ஒட்டுவதற்கு ஒரு நாள் போதும். எதில் தங்களுக்கு இடமில்லை என்று தெரிந்த சிறுவர்கள், இடமுள்ளவற்றில் துணிந்து பேசுகிறார்கள்.

மறுக்கப்படும் கோரிக்கைகளுக்குக் காரணத்தை எழுத்தில் தருவதும் அதே அளவுக்கு இன்றியமையாதது. ‘இயலாது’ என்ற வாய்ச்சொல்லில் விவாதம் செத்துவிடுகிறது. ‘சமையல் உதவியாளர் பணியிடம் காலி’ என்று எழுதியிருந்தால், அந்த மாதமே வழி தேடத் தொடங்கியிருக்கலாம். கேட்டவன் பிணையில் போய்விட்டாலும், அடுத்து வருபவன் அந்த வரியைப் படித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து கேட்பான். குறிப்பிட்ட நாட்களுக்குள் பதில், பதிலோடு காரணம், காரணத்துக்குக் கீழே பொறுப்பாளரின் கையொப்பம் என்ற ஒரு பத்தி பதிவேட்டில் கூடினால், அந்தப் பழைய ஒரே வாசகத்தை எழுதிவிட்டு நகர்வது கடினமாகிவிடும்.

2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டில் உள்ள அரசு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்ததும், பணியாளர்கள் கைதானதும் தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவிருக்கும். அதைத் தொடர்ந்து அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. இல்லங்களின் சீர்திருத்தம் குறித்த அறிக்கையை அவர் 2023 நவம்பரில் அளித்தார். இந்தியாவிலேயே முதலில், 1920-இல், குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் இயற்றிய மாகாணம் நம்முடையது என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு கொடுமைக்குப் பின்னும் கேமராக்களும் ஆய்வுகளும் கூடுகின்றன; அவை வேண்டியவைதான். ஆனால் ஓர் இல்லத்தில் அடி விழத் தொடங்கும்போது அதை முதலில் அறிபவர்கள் பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் பையனும், பணி முடிந்து வெளியேறும் காவலரும்தான். அந்த இருவரும் பேசுவதற்குப் பழக்கப்பட்டிருக்க வேண்டும் என்றால், கொசுவலையைப் பற்றியும் பார்வையாளர் நேரத்தைப் பற்றியும் பேசி, அதற்குப் பதிலும் பெற்று அவர்களுக்கு முன்பே பழகியிருக்க வேண்டும். சாம்பாரில் உப்பு அதிகம் என்று சொல்ல முடியாத இடத்தில், என்னை அடித்தார்கள் என்று எவன் சொல்வான்?

அந்த இல்லத்தில் பொது அமர்வு இப்போதும் நடக்கிறது என்று கேள்விப்படுகிறேன். மூன்று மணி வரையிலான பார்வையாளர் நேரத்துக்கு மேலாண்மைக் குழு ஒப்புதல் அளித்துவிட்டது. சமையல் உதவியாளர் பணியிடம் இன்னும் நிரப்பப்படவில்லை. மழைக்காலத்தில் குன்னூர் பாதை அடைபடும் வாரங்களில், வர முடியாத பெற்றோருக்குப் பதிலாக வீடியோ அழைப்பு அனுமதிக்கலாம் என்று சிறுவர்கள் கேட்டிருக்கிறார்கள்; அலுவலகக் கைப்பேசியில் மாதம் எத்தனை அழைப்பு, யார் உடனிருப்பது என்று காவலர்கள் தரப்பிலிருந்து இரண்டு நிபந்தனைகள் வந்திருக்கின்றன. உடனிருப்பவர் பேச்சைக் கேட்கும் தூரத்தில் இருக்கக் கூடாது என்று சிறுவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது பற்றி இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.